தரம் பார்க்கும் படிப்பு – கடிதம்

அன்புள்ள அண்ணா,

இடுக்கி மாவட்டம் வண்டன்மேட்டிலிருந்து எழுதுகிறேன். பிளஸ் டூ முடித்துவிட்டேன். கணக்கும் வேதியியலும் நன்றாக வரும். ‘குவாலிட்டி கன்ட்ரோல்’ என்று பெயர் போட்ட பட்டப்படிப்பில் சேர ஆசை. அப்பா ஏலக்காய் ஸ்டோரில், அதாவது காய் உலர்த்தும் கூடத்தில் வேலை செய்கிறார். “காயைத் தரம் பிரிக்க எதுக்குடா காலேஜு?” என்கிறார். இதைப் படித்தால் வேலை கிடைக்குமா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

அப்பா சொல்வதில் பாதி சரி. எட்டு எம்.எம். சல்லடையில் எவ்வளவு நிற்கும், லிட்டர் வெயிட் (ஒரு லிட்டர் அளவு காயின் எடை) தேறுமா, பச்சை வெளுத்திருக்கிறதா என்று ஒரு கை அள்ளியதுமே சொல்லிவிடுகிற ஆளை எந்தக் கல்லூரியும் உருவாக்கிவிடாது. ஆனால் அது காய்ந்து முடிந்த காயைப் பார்ப்பது. அதற்குள் நஷ்டம் நடந்து முடிந்திருக்கும். நீங்கள் படிக்கப்போவது, காயும்போதே கோளாறைப் பிடிக்கிற வித்தை.

1924இல் வால்டர் ஷூவார்ட் என்ற அமெரிக்கர், தொலைபேசிக் கருவிகள் செய்யும் ஆலைக்காக ஒரு வரைபடம் போட்டுக் கொடுத்தார். நடுவில் சராசரிக் கோடு, மேலும் கீழும் ஒவ்வொரு எல்லைக் கோடு. புள்ளிகள் எல்லைக்குள் தாறுமாறாகத் தள்ளாடினால் அது இயல்பு, இயந்திரத்தில் கை வைக்காதே. ஒன்று வெளியே விழுந்தால் ஏதோ நடந்திருக்கிறது, போய்த் தேடு. இந்தத் துறைக்கு அஸ்திவாரம் அதுதான். காய் எடுப்பு தொடங்கியதும் நீங்களே செய்து பார்க்கலாம். ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக்காய்க்கு ஒரு கிலோ உலர்காய் வரும் இல்லையா? ஒவ்வொரு உலர்த்தலுக்கும் அந்தக் கணக்கை நோட்டில் குறித்து, புள்ளி வைத்துக்கொண்டே வாருங்கள். தனியே விலகி நிற்கும் நாளைப் பற்றி அப்பாவிடம் கேளுங்கள். ஈரக்காய் வந்ததா, சூடு ஏறிவிட்டதா என்று அவருக்குத்தான் தெரியும்.

அப்புறம், கண்ணுக்குத் தெரியாத சங்கதியும் இருக்கிறது. பூச்சிமருந்து எச்சத்தை எந்த அனுபவசாலியும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கொச்சியில் ஸ்பைசஸ் போர்டு (மத்திய அரசின் நறுமணப் பொருள் வாரியம்) ஆய்வகம் வைத்திருப்பது அதற்கெல்லாம்தான். அங்கேயும் சாக்கின் மேல்வாயில் அள்ளிய காயை மட்டும் கொண்டுபோய்க் கொடுத்தால், எவ்வளவு விலை உயர்ந்த இயந்திரமும் அந்த ஒரு கைப்பிடியைப் பற்றித்தான் பேசும். எத்தனை சாக்கில், எந்த ஆழத்தில் மாதிரி எடுப்பது என்று சொல்வது புள்ளியியல்.

அதனால் படிப்பின் பெயரைப் பார்த்து மயங்காதீர்கள். புள்ளியியல் எத்தனை பேப்பர், ஆய்வகம் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று பாருங்கள். என்னைக் கேட்டால் இளநிலையில் உணவுத் தொழில்நுட்பம், வேதியியல், புள்ளியியல் இவற்றில் ஒன்றை எடுங்கள். தரக் கட்டுப்பாடு அதற்கு மேல் வரட்டும். கல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் இதற்கென்றே எம்.டெக் இருக்கிறது. ஷூவார்ட்டை இந்தியாவுக்கு அழைத்துவந்த புள்ளியியல் அறிஞர் மகாலனோபிஸ் தொடங்கிய இடம்.

வேலைக்குப் பஞ்சமில்லை: கோலஞ்சேரிப் பக்கம் மசாலாச் சாறு எடுக்கும் ஆலைகள், தேயிலை, மருந்து, வாகன உதிரிபாகம். தொடக்கச் சம்பளம் சுமார்தான். சிரமம் வேறு இடத்தில். வாசலில் லாரி நிற்கும், பார்ட்டி போனில் கத்துவார், “இந்த ஒரு தடவை விட்டுடுப்பா” என்பார் மேனேஜர். கையெழுத்து உங்களுடையது. நேர்முகத்தேர்வில் கூச்சப்படாமல் ஒன்று கேளுங்கள்: தரப்பிரிவு யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்? உற்பத்தி மேலாளருக்கு என்றால், வேறு கம்பெனியும் பார்த்து வையுங்கள்.