நார்வேயிலிருந்து வந்த கொள்ளுத்தாத்தா: லூத்தரன் பல்கலைக்கழக ஆவணக்காப்பகத்தில் எதைத் தேடலாம்?

கேள்வி: வாஷிங்டன் மாநிலம் டக்கோமாவில் மகன் வீட்டில் தங்கியிருக்கிறேன். மருமகளின் முன்னோர் நார்வேக்காரர்கள். அவளுடைய கொள்ளுத்தாத்தா 1905 வாக்கில் கப்பலேறி வந்து, இங்கே மர அறுவை ஆலையில் வேலை பார்த்தாராம். எங்களிடம் இருப்பவை 'லார்சன்' என்ற குடும்பப் பெயரும், அவர் மகளின் பழைய திடப்படுத்தல் (பெரியவளானதும் சபையில் விசுவாசத்தை உறுதி செய்யும் சடங்கு) சான்றிதழும்தான். பக்கத்தில் உள்ள பசிபிக் லூத்தரன் பல்கலைக்கழகத்தில் குடியேறிகளின் ஆவணங்கள் இருக்கின்றன என்கிறார்கள். வெளியாட்கள் பார்க்க முடியுமா? அவர் பிறந்த ஊர் தெரியவருமா?

பதில்: பார்க்கலாம். ஆவணக்காப்பகம் மார்ட்வெட் நூலகத்தில் இருக்கிறது. திடீரென்று போய் நிற்காமல், முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்பி நேரம் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் பிறந்த ஊர் அங்கேயே நேரடியாகக் கிடைத்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். அந்த ஊருக்குப் போகும் வழி அங்கே கிடைக்கலாம்.

1890-ல் போதகர் பியூக் ஹார்ஸ்டாட் தலைமையில் நார்வே லூத்தரன்கள் தொடங்கிய பள்ளிதான் இன்று இந்தப் பல்கலைக்கழகம். கடனில் தத்தளித்த பள்ளியைக் காப்பாற்ற, 1898-ல் ஹார்ஸ்டாட் தங்கம் தேடி கனடாவின் க்ளாண்டைக் பக்கம் போய், வெறுங்கையோடு திரும்பினார். அப்படிப்பட்டவர்கள் கட்டிய இடம் என்பதால், பல்கலைக்கழகத்தின் சொந்தக் கோப்புகளோடு அந்த வட்டாரத்து ஸ்காண்டிநேவியர்களின் வாழ்க்கையும் அங்கே சேர்ந்திருக்கிறது. நான் மிகவும் மதிப்பது அங்குள்ள ஒலிப்பதிவுகளை. நார்வே, ஸ்வீடன், டென்மார்க், பின்லாந்து, ஐஸ்லாந்திலிருந்து வந்து குடியேறிய முதியவர்கள் இருநூறுக்கும் மேற்பட்டோரைப் பேட்டி கண்டு பதிவு செய்திருக்கிறார்கள். மர ஆலை, மீன்பிடிப் படகு, வீட்டு வேலை, ஊரில் விட்டுவந்த அம்மா என்று எல்லாம் அவர்கள் வாயாலேயே வரும். உங்கள் ஆள் அதில் இல்லாமல் போகலாம். ஆனாலும் அதே ஆலைகளில் வேலை பார்த்தவர்களின் குரலைக் கேட்கலாம்; மருமகளோடு உட்கார்ந்து ஒன்றிரண்டையாவது கேளுங்கள்.

சரி, ஊருக்கு வருவோம். உங்களிடம் உள்ள இரண்டில் சான்றிதழ்தான் பெரிய சொத்து. அதில் சபையின் பெயரும் போதகரின் கையெழுத்தும் இருக்கும். அந்தச் சபை இன்றும் நடந்தால் பதிவேடு பெரும்பாலும் அங்கேயே இருக்கும். மூடப்பட்டிருந்தாலோ வேறு சபையோடு சேர்ந்திருந்தாலோ வட்டார லூத்தரன் ஆவணக்காப்பகத்தைக் கேட்க வேண்டும். பல்கலைக்கழகக் காப்பாளரிடம் விசாரித்தால் வழி சொல்வார். பல சபைகளின் பதிவேடுகள் படமெடுக்கப்பட்டு, குடும்ப வரலாறு தேட உதவும் ஆன்செஸ்ட்ரி தளத்திலும் உள்ளன. அந்தக் காலத்துக் குடும்பப் பதிவேடுகளில் அப்பா எங்கே பிறந்தார் என்று, சில சமயம் பங்கின் (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட வட்டாரத்தின்) பெயரோடேயே எழுதியிருப்பார்கள். எழுத்து பெரும்பாலும் நார்வே மொழியில் இருக்கும். தேதியில் கவனம் வேண்டும்: 4/7 என்றால் ஜூலை 4, ஏப்ரல் 7 கிடையாது.

பெயரை மட்டும் வைத்துத் தேடினால் ஆயிரக்கணக்கான லார்சன்கள் வந்து நிற்பார்கள். லார்ஸ் என்பவரின் மகன் லார்சன், அவ்வளவுதான். நம் ஊரில் அப்பா பெயர் இனிஷியலாக வந்து, அமெரிக்கா போனதும் அதுவே குடும்பப் பெயராகிவிடுகிறதே, அதே கதைதான். பரம்பரைக் குடும்பப் பெயர் வேண்டும் என்று நார்வேயில் சட்டம் வந்ததே 1923-ல்தான். அதற்கு முன் ஓர் ஆளை அடையாளம் காட்டியது அவர் வாழ்ந்த பண்ணையின் பெயர். அதிலும் பாக்கென், ஹேகன் போன்ற பெயரில் பண்ணைகள் ஏராளம். ஆகவே பண்ணை, அது இருந்த பங்கு, இரண்டும் சேர்ந்து கிடைக்கும்வரை விடாதீர்கள்.

சபைப் பதிவேட்டில் கிடைக்காவிட்டால் குடியுரிமை விண்ணப்பத்தைத் தேடுங்கள். 1906 செப்டம்பருக்குப் பிறகு விண்ணப்பித்திருந்தால் பிறந்த இடம், பிறந்த தேதி, கப்பலின் பெயர் எல்லாம் கேட்டு எழுதியிருப்பார்கள். வாஷிங்டனில் கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) நீதிமன்றங்களின் இத்தகைய கோப்புகள் பல மாநில ஆவணக்காப்பகத்துக்கு வந்திருக்கின்றன. ஏதாவது ஒரு தாளில் ஸ்வீடன், நார்வே இரண்டுக்கும் சேர்த்து ஒரே மன்னர் பெயர் இருந்தால் குழம்ப வேண்டாம். 1905 வரை இரண்டு நாடுகளுக்கும் ஒரே அரசர்தான்.

அப்புறம் நார்வேப் பக்கம் எளிது. அந்நாட்டு அரசின் டிஜிட்டல் ஆர்க்கிவெட் தளம் இலவசம். அவர் வந்தது 1905 வாக்கில் என்பதால் 1900 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெற்றோர், உடன்பிறந்தவர்களோடு அவர் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. கப்பலேறியவர்களின் பெயர்களைத் துறைமுகக் காவல்துறை எழுதி வைத்த பட்டியல்களும் அங்கே கிடைக்கும். தேடும்போது நார்வே மொழியின் 'å' எழுத்தை 'aa' என்றும் போட்டுப் பாருங்கள்.

பல்கலைக்கழகக் காப்பாளருக்கு எழுதும்போது "லார்சன் பற்றி ஏதாவது இருக்கிறதா" என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். முழுப்பெயர், தோராயமான பிறந்த ஆண்டு, மனைவி பெயர், சபையின் பெயர், ஆலையின் பெயர், சான்றிதழின் படம் எல்லாவற்றையும் அனுப்புங்கள். வீட்டில் யாராவது அங்கே படித்திருந்தால் அதையும் சொல்லுங்கள். 'சாகா' என்ற ஆண்டு மலரிலும் 'மூரிங் மாஸ்ட்' என்ற மாணவர் இதழிலும் பார்க்கலாம். எந்தப் பெட்டி வேண்டும் என்று முன்பே முடிவு செய்துகொள்ள பல ஆவணக்காப்பகங்களின் பட்டியல்களைச் சேர்த்துத் தரும் ஆர்க்கைவ்ஸ் வெஸ்ட் தளத்தில் உள்ள தொகுப்புப் பட்டியல்கள் உதவும்.

கடைசியாக, நார்வேயில் அவருடைய ஞானஸ்நானப் பதிவு கிடைத்ததும் பெற்றோர் பெயரோடு நின்றுவிடாதீர்கள். அதே வரிசையில் ஞானப்பெற்றோர் நாலைந்து பேரின் பெயர் பண்ணையோடு இருக்கும். அவர்கள் பெரும்பாலும் சித்தப்பா, மாமா, அக்கம்பக்கத்தார். அதே பண்ணைப் பெயர்கள் டக்கோமா சபைப் பதிவேட்டிலும் தென்பட்டால், நீங்கள் பிடித்திருப்பது சரியான லார்சனைத்தான் என்று நம்பலாம்.