300 டிகிரி சூட்டில், போரிக் அமிலம் கலந்த அணு உலை நீர் கதிர்வீச்சால் சிதைந்து வெடிக்காதா?

கூடங்குளத்துக்கு அருகில் இருப்பவராகத்தான் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கதிர்வீச்சு நீரைச் சிதைக்கும் என்பது உண்மை. ஆனால் சூடும் அமிலமும் சேர்ந்தால் நிலைமை மோசமாகும் என்ற ஊகம் சரியல்ல.

ஆய்வு மாணவியாக இருந்தபோது என் வேலை, பொருள்கள் மேல் காமா கதிர் பாய்ச்சும் கோபால்ட்-60 காமா சேம்பரில். கதிரின் அளவை ஃபிரிக் கரைசலால் அளப்போம். மோர் உப்பு (Mohr's salt) என்ற இரும்பு உப்பு, 0.4 மோலார் கந்தக அமிலம், காற்றேறிய சுத்தமான நீர், அவ்வளவுதான். அமிலத்தில், நீரிலிருந்து கழன்ற எலெக்ட்ரான் உடனே ஹைட்ரஜன் அணுவாகிவிடும். கரைந்திருக்கும் ஆக்சிஜன் அதைப் பிடித்துக்கொள்ள, கடைசியில் அந்த ஒரு அணுவால் மூன்று ஃபெரஸ் (இரும்பு 2+) அயனிகள் ஃபெரிக் (இரும்பு 3+) ஆகும். ஃபெரிக் எவ்வளவு என்பதை அது உறிஞ்சும் ஒளியை வைத்து அளந்தால், கதிரின் அளவு தெரிந்துவிடும்.

ஒரு கோடையில் காலையில் ஒரு எண், மதியம் அதைவிடக் கூடுதலாக ஒரு எண். "பாத்திரம் ஒழுங்கா கழுவலம்மா" என்றார் வழிகாட்டி, எல்லோர் முன்னாலும். கரிம அழுக்கு இருந்தால் எண் ஏறும்தான். அதைத் தடுக்கவே சோடியம் குளோரைடு சேர்த்திருந்தேன். காலையில் அளந்த அதே குழாயை மதியம் மறுபடி அளந்தேன், ஏறியிருந்தது. 25 டிகிரி நீர்த்தொட்டியில் வைத்துவிட்டு அளந்தேன், பழைய எண்ணுக்கே இறங்கியது. அழுக்கோ காற்றோ காரணமென்றால் இறங்கியிருக்காது. ஒளி உறிஞ்சலை அளக்கும் ஸ்பெக்ட்ரோ கருவி இருந்த அறையில் ஏசி ஓடவில்லை. 304 நானோமீட்டரில் ஃபெரிக்கின் உறிஞ்சல் டிகிரிக்கு சுமார் 0.7 சதவீதம் கூடும். எட்டு டிகிரி ஏறினால் ஐந்தரை சதவீதம் போச்சு! கதிர்வேதி விளைச்சலோ, அதாவது கதிர் உண்டாக்கும் ஃபெரிக்கின் அளவோ, டிகிரிக்கு 0.15 சதவீதம்கூட மாறாது. வழிகாட்டி அதன் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. ஏசியையும் யாரும் சரிசெய்யவில்லை. லட்சக்கணக்கில் கருவி வாங்குவார்கள், அது இருக்கும் அறையைப் பராமரிக்கக் காசு இருக்காது. இன்றும் பல ஆய்வகங்களில் இதே கதைதான்.

சரி, உலைக்கு வருகிறேன். அங்கே நீரில் வேண்டுமென்றே ஹைட்ரஜனை வைத்திருக்கிறார்கள். கூடங்குளம் வகை உலைகளில் அம்மோனியா சேர்ப்பார்கள், அது கதிரில் சிதைந்து ஹைட்ரஜன் தரும். நீர் சிதைந்து வரும் ஹைட்ராக்சில் (OH) துணுக்கு இந்த ஹைட்ரஜனோடு வினைபுரிந்து மறுபடி நீராகும், கூடவே ஒரு ஹைட்ரஜன் அணு பிறக்கும். நீர் சிதைவில் உண்டாகும் ஹைட்ரஜன் பெராக்சைடை அந்த அணு உடைக்கும். சூட்டில் இந்தச் சங்கிலி இன்னும் வேகமாக ஓடுவதால் ஆக்சிஜன் சேர வழியில்லை. ஆக்சிஜன் இல்லாமல் ஹைட்ரஜன் வெடிக்காது.

அமிலம்? போரிக் அமிலம் பலவீனமானது, அதோடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரமும் உண்டு. 300 டிகிரியில் நடுநிலை பிஎச் 7 அல்ல, 5.7-ஐ ஒட்டி. உலை நீர் அங்கே 7-ஐ ஒட்டி இருப்பதால் லேசான காரம் என்றே சொல்லவேண்டும். போரான் நியூட்ரானை விழுங்கி வெளிவிடும் ஆல்ஃபா துகள் சிதைவைக் கூட்டும் என்பதை மறுக்கவில்லை. அதற்கும் சேர்த்துத்தான் ஹைட்ரஜன்.

1979-ல் அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணு உலை விபத்தில், உள்ளே சேர்ந்த ஹைட்ரஜன் குமிழி வெடிக்கும் என்று நாட்டையே நடுங்கவைத்தார்கள். அத்தனை ஹைட்ரஜன் இருக்கும் இடத்தில் ஆக்சிஜன் சேராது என்பது பிறகுதான் உறைத்தது.

"அப்போ புகுஷிமா?" என்று வருவார்கள். அங்கே வெடித்த ஹைட்ரஜன் முக்கியமாக எரிபொருள் உறையிலுள்ள ஜிர்கோனியம் என்ற உலோகம் நீராவியோடு வினைபுரிந்ததால் வந்தது. நான் அணுமின் நிலையத்துக்கு வக்காலத்து வாங்கவில்லை. கதிர்ச் சிதைவு வாயு வெடித்ததும் உண்டு: 2001-ல் ஜப்பானின் ஹமாவோகா கொதிநீர் உலையில், நீராவியோடு போன வாயு ஒரு குழாயில் தேங்கிக் குழாயே கிழிந்தது. கூடங்குளம் அழுத்த நீர் உலை, முதன்மைச் சுற்றில் நீர் கொதிப்பதில்லை. உங்கள் கவலை தீரவேண்டுமானால், முதன்மைச் சுற்று நீரில் கரைந்த ஹைட்ரஜன் எவ்வளவு என்று நிலையத்தாரிடம் கேளுங்கள்.