கடவுளிடம் நேராகப் பேசலாமே, நடுவில் கிறிஸ்து எதற்கு?
சரி, பேசலாம்தான். ஆனால் கிறிஸ்தவ நம்பிக்கைப்படி சிக்கல் இருப்பது பாவத்தால் முறிந்துபோன உறவில். அதை ஒட்டவைப்பவர் இரண்டு பக்கத்துக்கும் உரியவராக இருக்க வேண்டும். இயேசு முழுக் கடவுள், முழு மனிதர் என்று கி.பி. 451இல் திருச்சபை ஆயர்கள் கூடிய கல்கெதோன் சங்கம் அழுத்திச் சொன்னதை இதோடு சேர்த்துப் பாருங்கள், அது வெறும் தத்துவச் சண்டையாகத் தெரியாது. பைபிளில் 1 தீமோத்தேயு 2:5 அவரை ஒரே மத்தியஸ்தர் என்கிறது, அடுத்த வசனமே அவர் தம்மையே மீட்பின் விலையாகக் கொடுத்தார் என்கிறது. கோபக்காரக் கடவுளை இயேசு சமாதானப்படுத்தினார் என்று சிலர் சொல்வது என் பார்வையில் பாதிக் கதைதான். யோவான் 3:16இன்படி அன்பினால் மகனைத் தந்ததே கடவுள்தான்.

அப்புறம், கத்தோலிக்கர் மரியாளிடமும் புனிதர்களிடமும் வேண்டுவது ‘எங்களுக்காக வேண்டிக்கொள்ளுங்கள்’ என்று கேட்பதுதான், கிறிஸ்துவின் இடத்தை அவர்களுக்குக் கொடுப்பதில்லை என்பது கத்தோலிக்கத் தரப்பு விளக்கம். பெரும்பாலான புராட்டஸ்டண்டுகள் இதை ஏற்பதில்லை.