பாட்டியின் பெயர்

கேள்வி: 1915-ல் ஆர்மீனியர்களுக்கு நடந்ததை இனப்படுகொலை என்று துருக்கி அரசு இன்றும் ஒப்புக்கொள்ளவில்லை. அப்படியிருக்க, கதையும் கவிதையும் இரு தரப்பையும் நெருங்க வைக்கும் என்கிறார்களே, நம்பலாமா?
- வாசகி, மயூர் விஹார், தில்லி

பதில்: கவிதை என்றால் எனக்கும் சந்தேகம்தான். ஆனால் ஒரு பாட்டி கதையைப் படித்த பிறகு வாயை மூடிக்கொண்டேன்.

ஃபெத்தியே செத்தின் துருக்கிய வழக்கறிஞர். அவருடைய பாட்டி செஹெர், வயதான பிறகு ஒருநாள் பேத்தியிடம் சொல்கிறார்: என் பெயர் ஹெரானுஷ், நான் ஆர்மீனியப் பெண். 1915-ல், அன்றைய ஒட்டோமான் துருக்கிய அரசு ஊரையே சிரியப் பாலைவனத்துப் பக்கம் நடத்திக்கொண்டு போனபோது, ஒரு துருக்கியக் காவல்படைக்காரர் சிறுமியான அவரைத் தாயிடமிருந்து பிரித்துக் கொண்டுபோய்த் தன் வீட்டில் வளர்த்திருக்கிறார். அந்த நடையிலும் கொலையிலும் மடிந்தவர்கள் 6 லட்சம் முதல் 15 லட்சம் வரை என்கிறார்கள்.

2000-ல் பாட்டி இறந்தார். இறுதித் தொழுகையின்போது பெற்றோர் பெயரைக் கேட்கிறார்கள். உறவினர்கள் ஹுசைன், எஸ்மா என்கிறார்கள், வளர்த்தவர்களின் பெயர்கள். பேத்திக்குத் தாங்கவில்லை. தாய் இஸ்குஹி, தந்தை ஹொவ்ஹான்னெஸ் அல்லவா? இதையெல்லாம் 2004-ல் 'என் பாட்டி' என்று புத்தகமாகவே எழுதிவிட்டார். அப்புறம், எங்கள் வீட்டிலும் ஒரு பாட்டி இருந்தாள் என்று பலர் பேச ஆரம்பித்தார்கள். அவர்கள் சொன்னவை 2009-ல் 'பேரப்பிள்ளைகள்' என்று இன்னொரு தொகுப்பாக வந்தன.

இதனால் எல்லாம் சரியாகிவிடவில்லை. துருக்கியில் வாழ்ந்த ஆர்மீனியப் பத்திரிகையாளர் ஹ்ராந்த் திங்க்கை 2007-ல் இஸ்தான்புல்லில் அவர் அலுவலக வாசலிலேயே சுட்டுக் கொன்றார்கள். ஆனால் அவர் இறுதி ஊர்வலத்தில் பெருங்கூட்டம் 'நாங்கள் எல்லோரும் ஆர்மீனியர்' என்ற அட்டையோடு நடந்தது. (ஆர்மீனியர் நமக்கு அந்நியரும் இல்லை. உலகின் முதல் ஆர்மீனிய இதழ் 1794-ல் நம் மதராஸில்தான் அச்சானது.)

அட்டை என்றதும் ஞாபகம் வருகிறது. 1984 நவம்பரில், இந்திரா காந்தி கொலைக்குப் பிறகு தில்லியில் சீக்கியர்களைத் தேடித் தாக்கிய நாட்களில், நான் கரோல் பாகில் ஒரு சர்தார்ஜி வீட்டு மாடியில் குடியிருந்தேன். முதல் தேதி காலையில் அவர் தன் பெயர்ப்பலகையைத் திருகிக் கழற்றிக்கொண்டு வந்து, "அந்த இடத்தில் உங்கள் பெயரைப் போடுங்கள்" என்றார். காலண்டர் அட்டையைத் திருப்பி எழுதினேன். பசை இல்லை, சோற்றுப் பருக்கையைத் தேய்த்து ஒட்டினேன். பத்து நாள் கழித்து அவர் பலகையைத் திரும்ப மாட்டும்போது திருகாணியைப் பிடித்துக்கொண்டதும் நான்தான். அதன் பிறகு பதினெட்டு வருடம் அதே மாடியில் இருந்தேன். அதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் மகனும் கேட்டதில்லை.

போன மாதம் அவர் பேத்தி போன் செய்தாள். "அங்கிள், தாத்தா சொல்லவே இல்லை. அன்றைக்கு என்ன நடந்தது?" அட்டையைப் பற்றிச் சொன்னேன், பருக்கை உட்பட. கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், எந்த மொழியில் எழுதினீர்கள் என்று கேட்டாள்.

இந்தியில்தான் அம்மா, எழுத்துப்பிழையோடு.