முப்பது நாளா, அறுபது நாளா?

கேள்வி: என் கணவர் விசைத்தறிகளுக்கு நூல் வாங்கி விற்பவர். செக் வழக்கில் மாஜிஸ்திரேட் கோர்ட் ஜனவரி 6 அன்று அவருக்கு ஆறு மாதச் சிறையும் 4 லட்சம் ரூபாய் இழப்பீடும் விதித்தது. தீர்ப்பு நகலை அன்றே இலவசமாகக் கொடுத்து, அப்பீல் செய்வதற்காகத் தண்டனையை 30 நாள் நிறுத்தியும் வைத்தார்கள். மாதக் கடைசியில் வண்டியிலிருந்து விழுந்து அவருக்குக் கால் முறிந்துவிட்டது. ‘அப்பீலுக்கு 60 நாள் உண்டு, அவசரமே இல்லை’ என்கிறார் உறவினர் ஒருவர். இன்று பிப்ரவரி 12. நேரம் இருக்கிறதா?
- வாசகி, ஈரோடு

பதில்: இல்லை அம்மா, பிப்ரவரி 5-ஆம் தேதியோடு கெடு முடிந்துவிட்டது. இதழ் அச்சாகி வரும்வரை நீங்கள் காத்திருக்கக் கூடாது என்பதால் இதைத் தபாலிலும் உங்களுக்கு எழுதிவிட்டேன்.

உங்கள் உறவினர் சொன்ன 60 நாள் கற்பனையல்ல. ஆனால் அது உயர் நீதிமன்றத்துக்குப் போகிறவர்களுக்கு. மாஜிஸ்திரேட் தீர்ப்புக்கு அப்பீல் அமர்வு நீதிமன்றத்தில். அதற்கு 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் தருவது 30 நாள்தான். எந்தக் கோர்ட்டுக்குப் போகிறோம் என்று கேட்காமலே நாள் சொல்லும் சட்ட நிபுணர்கள் நம் ஊரில் குடும்பத்துக்கு ஒருவர்!

தீர்ப்பு நாளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. நகலுக்கு மனுப் போட்டுக் காத்திருந்த நாட்களையும் கழிக்கலாம். ஆனால் உங்களுக்கு நகல் அன்றே கிடைத்துவிட்டதால், அதில் கழிக்க ஒன்றுமில்லை.

வழி அடைபடவில்லை. அதே சட்டத்தின் 5-ஆம் பிரிவில், தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவை அப்பீலோடு சேர்த்துப் போடுங்கள். எலும்பு முறிவு நல்ல காரணம்; எக்ஸ்ரே, மருத்துவமனையில் சேர்ந்த, வெளிவந்த சீட்டுகள் எல்லாம் வேண்டும். ‘60 நாள் என்று நினைத்தோம்’ என்பதை முதல் காரணமாக எழுதாதீர்கள். சட்டம் தெரியாது என்பதை நீதிமன்றம் எளிதில் ஏற்காது.

எனக்குக் கவலை வேறு. தண்டனை நிறுத்தம் முடிந்துவிட்டதால் எந்த நாளும் வாரண்ட் வரலாம். தாமத மனு நிலுவையில் இருப்பதாலேயே அது தானாக நின்றுவிடாது. ஆகவே தண்டனையை நிறுத்தக் கோரும் மனுவும் உடன் போகட்டும். பணமும் தேடி வையுங்கள்: செக் வழக்கு அப்பீலில், இழப்பீட்டில் குறைந்தது 20 சதவீதத்தைக் கட்டச் சொல்ல 2018 திருத்தம் இடம் தருகிறது. உங்கள் கணக்கில் அது 80,000 ரூபாய். எதிர்த்தரப்பு இறங்கி வந்தால் அப்பீல் கட்டத்திலும் சமரசம் செய்துகொள்ளலாம்.

கேள்வி: என் தம்பிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் அமர்வு நீதிமன்றம் பத்து வருடம் போட்டுவிட்டது. சிறையில் இருக்கிறான். வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை.
- வாசகர், சிவகாசி

பதில்: உங்கள் தம்பிக்குத்தான் அந்த 60 நாள். அப்பீல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு. சிறை அதிகாரியிடமே அப்பீல் மனுவைக் கொடுக்கலாம். அதை அனுப்பிவைப்பது அவர் கடமை. காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கொடுக்க வேண்டும் என்கிறது 1987-ஆம் ஆண்டுச் சட்டம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தீர்ப்பு நகலோடு நேரில் போங்கள்; முடியாவிட்டால் 15100-க்கு அழையுங்கள். கடிதத்தில் தீர்ப்புத் தேதியை எழுதவில்லையே! அதைப் பார்த்து எண்ணிவிட்டுக் கிளம்புங்கள்.