உலர்ந்த தோலுக்குள் தங்கிய ஈரம்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூர்ப் பக்கம் வெள்ளாடும் செம்மறியும் வளர்த்து வருகிறோம். கிடாவெட்டிலும் கல்யாண விருந்திலும் சேரும் தோல்களைத் தகரக் கூரையின் மேல் விரித்து, அப்பளம்போல் மொறுமொறுவென்று காயவைத்துத் திண்டுக்கல் தோல் மண்டிக்குக் கொண்டுபோகிறோம். பார்வைக்கு ஒரு குறையும் இல்லாத தோலைக்கூட, "உள்ளே அவிந்துபோயிருக்கிறது" என்று சொல்லி அடிமாட்டு விலைக்குக் கேட்கிறார்கள். இது உண்மையா, விலையைக் குறைக்கும் தந்திரமா?

பதில்: தகரக் கூரையில் காய்ந்த தோல் என்று நீங்களே எழுதியிருப்பதால், மண்டிக்காரர் பக்கம்தான் நியாயம் இருக்கும் என்று கருதுகிறேன். உரித்த தோலின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். கடும் வெயிலிலோ சூடேறிய தகரத்திலோ அதை விரித்தால், மேலும் கீழும் உள்ள மெல்லிய படலங்கள் முதல் சில மணி நேரத்திலேயே இறுகி ஓடுபோல் ஆகிவிடும். நடுப்பகுதியின் ஈரம் அந்த ஓட்டைத் தாண்டி வெளியேற முடியாமல் அங்கேயே தங்கிவிடும். வெளியே மொறுமொறுப்பு இருக்க, உள்ளே பாக்டீரியாக்கள் நார்களைத் தின்றுகொண்டிருக்கும்.

வெப்பத்தால் நேரும் கேடு வேறு. தோலின் நார்கள் கொலாஜன் என்னும் புரதத்தால் ஆனவை. ஈரமாக இருக்கும் நிலையில் ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸ் வெப்பம் பட்டாலே அவை சுருங்கிப் பசையாக மாறத் தொடங்கும். தோல் உலர உலர அதன் தாங்கும் சக்தி கூடுகிறது. ஆகவே முதல் நாள் வெயில்தான் ஆபத்தானது. மலையில் காற்று குளிர்ந்திருக்கிறதே என்று எண்ண வேண்டாம். தெளிந்த வானத்தின் கீழ் நண்பகல் தகரத்தில் கை வைத்துப் பார்த்தவருக்கு அதன் சூடு தெரியும்.

இந்தக் கேடுகளில் எதுவும் மண்டியில் முழுமையாகக் கண்ணுக்குத் தெரியாது. பதனிடும் தொழிற்சாலையில் ஊறவைத்துச் சுண்ணாம்புத் தொட்டியில் இறக்கிய பின்னரே, அவிந்த நடுப்பகுதி கரைந்து மேல்தோல் கொப்புளம்போல் பிரியும். சில தோல்களில் ஓட்டையே விழும். அந்த நட்டத்தை முன்கூட்டியே கணக்கிட்டுத்தான் வெயிலில் காய்ந்த தோலுக்கு வியாபாரி விலை சொல்கிறார்.

மண் தரையில் விரிப்பது இதைவிட மோசம். தரையை ஒட்டிய பக்கத்திற்குக் காற்றே கிடைப்பதில்லை; மண்ணும் கல்லும் ஒட்டிக்கொள்ளும். கயிற்றில் போடுவது பரவாயில்லை என்றாலும், கயிறு பட்ட நடுமடிப்பு தாமதமாகக் காய்ந்து, அந்தக் கோட்டிலேயே தோல் கெடும். இரும்புக் கம்பியில் போட்டால் துருக்கறையும் சேரும். ஆவாரம் பட்டையிலோ வாட்டில் என்னும் மரத்தின் பட்டையிலோ பதனிடும்போது அந்தக் கறை கருநீலமாக எழும்பும், பிறகு போகாது.

சட்டத்தில் கட்டி நிழலில் உலர்த்துவதே சிறந்த முறை. தோலைவிடப் பெரிய மரச்சட்டம் ஒன்றைச் செய்து, ஒட்டியிருக்கும் கொழுப்பையும் சதையையும் சுரண்டியெடுத்து, விளிம்பில் சிறு துளைகளிட்டுச் சணல் கயிற்றால் எல்லாப் பக்கமும் ஒரே இழுப்பில் கட்ட வேண்டும். உலரும்போது தோல் தானே சுருங்கி விறைப்பாகும் என்பதால், தொடக்கத்திலேயே முறுக்கி இழுத்தால் வயிற்றுப் பகுதி மெலிந்து கிழியும். கூரையுள்ள, காற்றோடும் கொட்டகை இல்லையென்றால், உச்சி வெயில் தோலின் முகத்தில் விழாமல் விளிம்பை மட்டும் தொடும்படி சட்டத்தை நிறுத்துங்கள். உங்கள் மலையில் மலிவாகக் கிடைக்கும் வாட்டில் கழிகளே போதும். ஆனால் பட்டையை உரித்துவிடுங்கள். தோல் பதனிடுவதற்காகவே இம்மலைகளில் நடப்பட்ட மரம் அது. ஈரத்தோலில் அதன் பட்டை பட்டால் செங்கறை பிடிக்கும்.

காய்ந்ததா என்பதைக் கையால் தட்டிப் பார்த்து முடிவு செய்யாமல் தராசில் வைத்துப் பாருங்கள். 2 கிலோ எடையுள்ள பச்சை வெள்ளாட்டுத் தோலில் 65 விழுக்காடு நீர் என்று கொண்டால், தோல்பொருள் 700 கிராம். ஈரம் 12 விழுக்காட்டுக்கு இறங்கும்போது எடை 800 கிராம் அளவில் நிற்கும். தராசு இன்னும் 1 கிலோ காட்டினால் 30 விழுக்காடு ஈரம் உள்ளே இருக்கிறது என்று பொருள். கம்பளி அடர்ந்த செம்மறித் தோலுக்கு இக்கணக்கு அப்படியே பொருந்தாது. கம்பளி ஈரத்தைப் பிடித்து வைக்கும், உலரவும் கூடுதல் நாள் எடுக்கும். அதற்கு, இரண்டு நாள் இடைவெளியில் எடை குறையாமல் நிற்கிறதா என்று பார்ப்பதே நம்பகமான வழி.

கேள்வி: பூம்பாறையில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மூடுபனி விலகுவதே இல்லை. சட்டத்தில் கட்டினாலும் நாலைந்து நாளில் முடி கையோடு வருகிறது. என்ன செய்வது?

பதில்: அந்த மாதங்களில் உலர்த்தாதீர்கள் என்பதே என் பதில். குளிர் அழுகலைத் தாமதப்படுத்துமே தவிர நிறுத்தாது. காற்றே ஈரத்தில் தோய்ந்திருக்கையில் தோலின் நீர் எங்கே போகும்? முடி கையோடு வருவது, வேர்ப்பகுதியில் அழுகல் தொடங்கிவிட்டதன் அடையாளம். உரித்த அன்றே சதைப்புறத்தில் உப்பைத் தேய்த்து அடுக்கிவிடுங்கள். தோலின் எடையில் 35 முதல் 40 விழுக்காடு உப்பு வழக்கம். 2 கிலோ தோலுக்கு முக்கால் கிலோ உப்பு என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த உப்பு பதனிடும் இடத்தில் கழுவப்பட்டுக் கழிவுநீரில் சேர்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். பாலாற்றங்கரைக் கிணறுகள் உவர்த்ததில் தோல் தொழிலின் பங்கு ஊரறிந்த செய்தி. சென்னை அடையாறில் 1948இல் தொடங்கப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் உப்பைக் குறைக்கும் முறைகளை ஆராய்ந்து வருவதும் இதனால்தான். எனவே வானம் தெளிந்து காற்று வறண்டிருக்கும் தை, மாசி மாதங்களில் நிழலில் உலர்த்துவதையும், மழைக்காலத்தில் மட்டும் உப்பிடுவதையும் வழக்கமாக்கிக்கொள்ளலாம்.

கேள்வி: அடுப்புக்கு மேலுள்ள பரணில் தொங்கவிட்டால் புகையில் காய்ந்துவிடாதா? எங்கள் பாட்டி காலத்து வழக்கம் இது. (கூக்கால்)

பதில்: வீட்டு உபயோகத்திற்கான ஓரிரு தோல்களுக்குச் சரி, புகை பூச்சிகளையும் அண்டவிடாது. ஆனால் அடுப்பை நோக்கிய பக்கம் வெந்தும் மறுபக்கம் ஈரமாகவும் இருக்கும், கரிக்கறையும் பிடிக்கும். விற்பனைக்கு வேண்டாம்.

கேள்வி: நன்றாக உலர்ந்த தோலை எத்தனை மாதம் வைத்திருக்கலாம்?

பதில்: தோல் வண்டு விட்டுவைக்கும் வரை. அதன் புழுக்கள் உலர்ந்த தோலைத்தான் விரும்பித் தின்னும். தரையில் படாமல் பலகை மேல் தட்டையாக அடுக்கி, வாரம் ஒருமுறை உதறிப் பாருங்கள். ஈரம் 10 விழுக்காட்டுக்குக் கீழே போன தோலை மடித்தால் மடிப்பில் வெடிக்கும். மண்டிக்குக் கொண்டுபோகும்போதும் மடிக்காமலே கட்டுங்கள்.