வேர்முடிச்சு: தாங்கும் இனமும் ஏன் தோற்கிறது?

கேள்வி: வேரில் முடிச்சு உண்டாக்கும் வட்டப்புழுவைத் தாங்கும் இனமென்று தக்காளி விதை வாங்கினோம். களுவாஞ்சிகுடி மணல் தரையில் நட்டோம். பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் முடிச்சு. விதை பிழையா?

பதில்: விதையைக் குறைசொல்லுமுன் மண்ணின் சூட்டைப் பாருங்கள். அரை மில்லிமீற்றரும் இல்லாத குஞ்சுப்புழு வேர்நுனியால் நுழைந்து, ஊசிபோன்ற வாயால் வேர்க் கலங்களுக்குள் புரதங்களைச் செலுத்தும். அந்தக் கலங்கள் பிரியாமல், கரு மட்டும் பெருகி வீங்கும். அதுதான் புழுவின் சோற்றுப்பானை. தாங்கும் தக்காளிகளில் வழக்கமாக இருப்பது எம்ஐ-1 மரபணு. காட்டுத் தக்காளியிலிருந்து வந்தது, 1998இல் பிரித்தெடுக்கப்பட்டது. புழு வாய்வைத்த கலத்தை அது சாகடிக்கும், புழு பட்டினி கிடக்கும். ஆனால் மண் 28 பாகை செல்சியஸைத் தாண்டினால் அந்தக் காவல் தளர்ந்துவிடும். நம் கரையோர மணலுக்கு அது சாதாரணச் சூடு!

பயிர் நிற்கும்போது மண்சூடு தணிய வைக்கோல் மூடாக்கிடுங்கள். அடுத்த நடுகைக்குமுன், மண்ணிலுள்ள புழுவைச் சூட்டால் கொல்ல, சிறுபோக வெயிலில் பாத்தியை நனைத்து, நிறமற்ற பொலித்தீனால் மூடி, ஓரங்களை மண்ணுக்குள் புதைத்து 4 முதல் 6 கிழமை விடுங்கள். ஓரம் திறந்தால் சூடு தங்காது. முடிச்சு வேர்களைப் பசளைக் குழியில் போடாமல் எரித்துவிடுங்கள்.